‘எனக்கு வரும்’: ஜப்பான் மொழியும் ஜொகூர் மண்ணும்



ஒருவர் தம்மிடமுள்ள திறமையைப் பிறரிடம் எப்படிச் சொல்கிறார் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் வேலை கேட்டு ஒரு மேசைக்கு முன் நிற்கும்போதும், வகுப்பில் ஆசிரியர் எழுப்பி நிறுத்தும்போதும் நாம் சொல்ல வேண்டியிருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்: ‘இந்த வேலை எனக்கு வரும்.’ அதைச் சொல்லத் தெரிந்தவர் முன்னே போகிறார். சொல்லத் தெரியாதவர், வேலை தெரிந்தும் பின்னே நிற்கிறார்.

தமிழில் இதைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பது ஒன்று. ‘என்னால் நீந்த முடியும்’ என்பது இன்னொன்று. ‘எனக்கு நீச்சல் வரும்’ என்பது மூன்றாவது. நாம் அன்றாடம் பேசும் மலாயில் ‘போலே’ என்றும் ‘பண்டாய்’ என்றும் சொல்கிறோம். ஜப்பானியர் எப்படிச் சொல்கிறார்கள்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். தோட்டத்தில் இருக்கும் நமக்கு ஜப்பான் மொழி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த மொழி நம் ஜொகூர் மண்ணுக்கு இருமுறை வந்திருக்கிறது. முதன்முறை துப்பாக்கியோடு வந்தது. இரண்டாம் முறை பாடப்புத்தகத்தோடு வந்தது. இரண்டு வருகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘எனக்கு வரும்’ என்ற வாக்கியத்தின் மதிப்பு நமக்கு விளங்கும்.

போருக்கு முன்பே இருந்த தொடர்பு

ஜொகூருக்கும் ஜப்பானுக்கும் உள்ள தொடர்பு போரில் தொடங்கியதன்று. ஜொகூரை ஆண்ட அபு பக்கார் 1883-ஆம் ஆண்டிலேயே ஜப்பானுக்குச் சென்று வந்தார். அவர் மகன் சுல்தான் இப்ராகிம் 1934-இல் சென்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறிய காலத்தில், ஜப்பானிய முதலாளிகள் ஜொகூரில் நிலம் பெற்றுத் தோட்டங்கள் போட்டார்கள். தென்கிழக்கு மூலையில் உள்ள பெங்கெராங் பக்கம் அவர்களுடைய பெரிய தோட்டங்கள் இருந்தன. 1920-களில் பத்து பஹாட்டுக்கு அருகே ஸ்ரீ மேடான் என்ற இடத்தில் இஷிஹாரா என்னும் நிறுவனம் இரும்புத் தாது வெட்டியெடுத்து, ஜப்பானில் உள்ள யவாட்டா எஃகு ஆலைக்குக் கப்பலில் அனுப்பியது.

ஆகவே ஜப்பானியரின் முகம் ஜொகூர் மக்களுக்குப் புதிதன்று. ஆனால் அக்காலத்தில் அவர்களுடைய மொழியைக் கற்க வேண்டிய தேவை இங்கிருந்தோருக்கு ஏற்படவில்லை. துரைமார் பேசிய மொழி ஆங்கிலம். சந்தையில் பேசியது மலாய். லயத்தில் பேசியது தமிழ்.

ஜப்பான் காலம்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. மறுமாதமே போர் ஜொகூருக்குள் புகுந்தது. மூவார், பக்ரி, பாரிட் சூலோங் ஆகிய ஊர்களில் கடும் சண்டை நடந்தது. 1942 ஜனவரி 31-ஆம் நாள் ஆங்கிலேயப் படையின் கடைசிப் பிரிவு ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கிச் சென்று, பாலத்தை வெடிவைத்து உடைத்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு ‘ஷோனான்’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள்.

ஊரின் பெயர் மட்டுமா மாறியது? கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி, தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். 1942 என்ற ஆண்டை 2602 என்று எழுதச் செய்தார்கள். வாழை மரம் அச்சிட்ட நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. பெரியவர்கள் அந்த மூன்றரை ஆண்டுகளையும் ‘ஜப்பான் காலம்’ என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடுவார்கள்.

ஆட்சியோடு மொழியும் வந்தது. ஜப்பானியர் தம் மொழியை ‘நிஹொங்கோ’ என்றும் ‘நிப்பொங்கோ’ என்றும் சொல்வார்கள். இங்கே பரவியது இரண்டாவது பெயர். 1942 ஏப்ரல் முதல் பள்ளிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டபோது, நிப்பொங்கோ முக்கிய பாடமாயிற்று. மாணவர்கள் காலையில் தோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்கி, ஜப்பானின் நாட்டுப் பண்ணைப் பாடிய பிறகே வகுப்புக்குப் போனார்கள். ஜப்பானிய எழுத்தில் பல வகை உண்டு. அவற்றுள் ‘கத்தகானா’ என்னும் எளிய வகையை முதலில் கற்பித்தார்கள். செய்தித்தாளிலும் பாடங்கள் வெளியாயின. சிங்கப்பூரில் பெரியவர்களுக்கென்று நடந்த ஒரு நிப்பொங்கோப் பள்ளிக்கு ஜின்போ கோத்தாரோ என்ற ஜப்பானியக் கவிஞர் தலைமை தாங்கினார். அரசு அலுவலகத்தில் இருப்பவர் அந்த மொழியைப் படித்தால்தான் மேலே போகலாம் என்ற நிலை உண்டாயிற்று.

தோட்டத்தில் நிலைமை வேறு. ஜப்பானியருக்கு மலாயாவின் ரப்பர் முழுவதும் தேவைப்படவில்லை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியும் நின்றுபோயிற்று. பல தோட்டங்களில் பால் வெட்டு நின்றது. அரிசி கிடைக்கவில்லை. மக்கள் மரவள்ளிக் கிழங்கை நட்டுத் தின்றார்கள். அப்படி வேலையும் சோறும் இல்லாது நின்ற தோட்டங்களிலிருந்துதான் சயாமுக்கு ஆள் திரட்டினார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர் மட்டும் 70,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள்.

அந்த மக்களுக்குக் கிடைத்த ஜப்பான் மொழி எது? ‘இச்சி, நி, சான், ஷி, கோ’ என்று ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவது. ‘பங்கோ’ என்றால் வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும் என்பது. ‘கெய்ரே’ என்றால் குனிந்து வணங்க வேண்டும் என்பது. கன்னத்தில் அறை விழும்போது கேட்கும் ‘பகேரோ’ என்ற வசைச்சொல். அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனாலும் பாட்டி தாத்தா சொன்ன கதைகளின் வழியே இந்தச் சொற்கள் பல குடும்பங்களில் இன்னும் நினைவில் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்னவை எல்லாம் பிறர் நம்மைப் பார்த்துச் சொன்ன சொற்கள், அல்லது பிறர் கட்டளையிட்டபடி நாம் திருப்பிச் சொன்ன சொற்கள். ‘எனக்கு இந்த வேலை தெரியும்’, ‘எனக்கு உடம்பு முடியவில்லை’, ‘என் பிள்ளைக்குப் படிக்க வரும்’ என்று நம்மைப் பற்றி நாமே சொல்லும் வாக்கியம் அந்தப் பட்டியலில் இல்லை. அடித்துக் கற்பிக்கும் மொழியில் கட்டளையைக் கேட்டு நடக்க வருமே தவிர, தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்ல வராது. 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. மூன்றரை ஆண்டு முழங்கிய நிப்பொங்கோவும் அதனோடு ஓய்ந்தது.

ஹிரோஷிமாவில் மூன்று மாணவர்

அதே காலத்தில் வேறு விதமாக அந்த மொழியைக் கற்றவர்களும் இருந்தார்கள். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, மேற்படிப்புக்காக ஜப்பானுக்கு அழைத்துச் சென்றார்கள். முதலில் தோக்கியோவில் மொழி கற்று, பிறகு பல்கலைக்கழகங்களுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் சார்பிலும் இளைஞர் சிலர் அங்குள்ள படைக் கல்லூரிகளுக்குப் போனார்கள்.

மலாயாவிலிருந்து மேற்படிப்புக்குப் போனவர்களில் மூவர் ஹிரோஷிமாவில் படித்தார்கள். ஒருவர் நம் ஜொகூரைச் சேர்ந்த சையத் ஓமார். இன்னொருவர் கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோப். மூன்றாமவர் பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரசாக். 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் காலையில் அந்த நகரின் மீது அணுகுண்டு விழுந்தது. நிக் யூசோப் அந்தக் குண்டுவீச்சில் இறந்தார். சையத் ஓமார் காயங்களோடு உயிர் தப்பினார். ஊர் திரும்பும் எண்ணத்தோடு ரயிலேறியவர், வழியில் கியோத்தோ நகரில் நோய் முற்றி, செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் மாண்டார். ஜொகூரில் பிறந்த அந்த இளைஞரின் கல்லறை கியோத்தோவில் என்கோஜி என்னும் கோயிலில் இருக்கிறது.

அப்துல் ரசாக் பிழைத்து நாடு திரும்பினார். ஆசிரியரானார். ஹிரோஷிமாவில் அவர் பட்டதை நினைத்தால், அந்த மொழியையே மறந்துவிட நினைத்திருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவரோ அதை மறக்கவில்லை. பின்னாளில் மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பான் மொழி கற்பித்து, அந்நாட்டுக்குப் படிக்கப் போகும் மலேசிய மாணவர்களை ஆயத்தப்படுத்தினார். 2013-இல் அவர் காலமானார். துன்பத்தின் வழியாக வந்த ஒரு மொழியை அடுத்த தலைமுறைக்கு வாய்ப்பாக மாற்றிக் கொடுத்த ஆசிரியர் அவர்.

இரண்டாம் வருகை

1982-இல் பிரதமர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஜப்பானியரின் தொழில் ஒழுக்கத்தையும் தொழில்நுட்பத்தையும் கற்றுவர மாணவர்களும் பயிற்சியாளர்களும் அங்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஆயத்த வகுப்பு தொடங்கிற்று. 1984 முதல் சில தங்கிப் படிக்கும் பள்ளிகளிலும் ஜப்பான் மொழி பாடமாயிற்று. அதே ஆண்டில் ஜப்பானியர் தம் மொழியைக் கற்கும் வெளிநாட்டாருக்கென ஒரு தேர்வையும் தொடங்கினார்கள். இன்று அது ஐந்து படிகளாக நடக்கிறது. மலேசியாவிலும் அதை எழுதலாம். ஜொகூரின் தொழிற்பேட்டைகளில் ஜப்பானிய நிறுவனங்களும் வந்து அமர்ந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

முதல் வருகையில் ‘எண்ணு, குனி’ என்றது அந்த மொழி. இரண்டாம் வருகையில் ‘உனக்கு என்ன வேலை வரும்?’ என்று கேட்கிறது. இந்தக் கேள்விக்கு அந்த மொழியிலேயே எப்படி விடை சொல்வது என்பதை இனிப் பார்ப்போம்.

‘தெக்கிரு’ என்னும் சொல்

ஜப்பான் மொழியில் திறமையைச் சொல்ல அடிப்படையான சொல் ‘தெக்கிரு’. ‘தெய்வம்’ என்று சொல்லும்போது வரும் ‘தெ’ ஓசையை முதலில் கொள்ளுங்கள். அடுத்த எழுத்து மென்மையாகிவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே வல்லெழுத்தை இரட்டித்து எழுதுகிறோம். மரியாதையாகச் சொல்லும்போது ‘தெக்கிமஸ்’ என்பார்கள். ‘வராது’ என்பதற்குத் ‘தெக்கிமஸென்’.

‘எனக்கு ஜப்பான் மொழி வரும்’ என்பதை அவர்கள் ‘நிஹொங்கோ கா தெக்கிமஸ்’ என்கிறார்கள். இதில் ‘கா’ என்பது எழுவாயைக் காட்டும் சிறு சொல். அதை ‘ங்கா’ என்பதுபோல மென்மையாகச் சொல்ல வேண்டும். கூர்ந்து பாருங்கள். இந்த வாக்கியத்தின் எழுவாய் ‘நான்’ அன்று. மொழிதான் எழுவாய். ஆங்கிலத்திலும் மலாயிலும் ‘நான்’ முன்னால் நிற்பேன், என் திறமை பின்னால் வரும். ஜப்பான் மொழியிலோ திறமைதான் வந்து நிற்கிறது. அது யாரிடம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் ‘வத்தாஷி நி வா’ என்று சேர்ப்பார்கள். ‘வத்தாஷி’ என்றால் நான். ‘நி’ என்பது நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ போன்றது. ஆகவே ‘வத்தாஷி நி வா தெக்கிமஸென்’ என்றால், சொல்லுக்குச் சொல் ‘எனக்கு வராது’ என்றே ஆகிறது!

‘வரும்’ என்று நாம் பொருள் சொல்வது வெறும் ஒப்புமைக்காக அன்று. பழைய ஜப்பான் மொழியில் இந்தச் சொல்லுக்கு ‘வெளிப்பட்டு வருதல்’ என்பதே பொருள். ‘வெளிப்படு’ என்னும் பொருளுள்ள ஒரு சொல்லும் ‘வா’ என்னும் பொருளுள்ள ஒரு சொல்லும் சேர்ந்து, காலப்போக்கில் தேய்ந்து ‘தெக்கிரு’ ஆயின. முதலில் ‘வெளிவந்தது’ என்ற பொருள் இருந்தது. பிறகு ‘உண்டாயிற்று, செய்து முடிந்தது’ என்ற பொருள் வந்தது. அதன் பின்னரே ‘செய்ய வரும்’ என்ற பொருள் ஏற்பட்டது. சோறு வெந்துவிட்டது, வீடு கட்டி முடிந்தது என்று சொல்லவும் இன்றும் அதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். நம் வீட்டில், ‘பாப்பாவுக்குப் பாட்டு நன்றாக வருகிறது’ என்கிறோமே, அதே எண்ணம்தான் இது. திறமை என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் அன்று. பழகப் பழக உள்ளிருந்து வெளிவருவது.

வினைச்சொல்லோடு சேர்க்கும் முறையும் நமக்குக் கடினமில்லை. ‘யொமு’ என்றால் வாசித்தல். ‘கொத்தொ’ என்றால் செயல் அல்லது விஷயம். ‘யொமு கொத்தொ கா தெக்கிரு’ என்றால் ‘வாசிக்கும் செயல் வரும்’, அதாவது ‘வாசிக்க வரும்’. பெரும்பாலான வினைகளை முன்னால் வைத்து இப்படிச் சொல்லலாம். இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. வினையின் ஈற்றை மாற்றினால் போதும். ‘யொமு’ என்பது ‘யொமெரு’ ஆனால் ‘வாசிக்க வரும்’. ‘ஹனஸு’ என்றால் பேசுதல். அது ‘ஹனஸெரு’ ஆனால் ‘பேச வரும்’. ‘கக்கு’ என்றால் எழுதுதல். ‘கக்கெரு’ என்றால் ‘எழுத வரும்’.

இன்னும் இரண்டு சொற்களைப் பாருங்கள். தூரத்தில் மலை இருக்கிறது. நாம் ‘மலை தெரிகிறது’ என்கிறோம். ஜப்பானியர் ‘யமா கா மியெரு’ என்கிறார்கள். ‘யமா’ என்றால் மலை. ‘மியெரு’ என்றால் தெரிகிறது. பக்கத்து லயத்தில் யாரோ பாடுகிறார்கள். நாம் ‘பாட்டுக் கேட்கிறது’ என்கிறோம். அவர்களோ ‘உத்தா கா கிக்கொயெரு’ என்பார்கள். இரண்டு மொழியிலும் மலையும் பாட்டும் தாமாக வந்து நம் கண்ணிலும் காதிலும் படுகின்றன. ஆங்கிலத்திலோ ‘என்னால் மலையைப் பார்க்க முடிகிறது’ என்ற பொருளில்தான் சொல்வார்கள்.

வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதும், உருபுகள் பெயருக்குப் பின் ஒட்டுவதும் இரு மொழிக்கும் பொது. தோக்கியோவில் பணியாற்றிய பேராசிரியர் சுசுமு ஓனோ, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்து, ஜப்பான் மொழிக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு என்று பல நூல்களில் எழுதினார். தமிழ்நாட்டுப் பேராசிரியர் பொற்கோவும், யாழ்ப்பாணப் பேராசிரியர் சண்முகதாசும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஓனோ 2008-இல் மறைந்தார். மொழியியலார் பெரும்பாலோர் அவர் கூறிய உறவை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் இரு மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிடமாட்டா. கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. எனவே உறவு கொண்டாடி மகிழ்வதைவிட, ‘இந்த அமைப்பு நமக்குப் பழகியதுதான், ஆகவே கற்க அஞ்ச வேண்டாம்’ என்று கொள்வதே நமக்குப் பயன் தரும்.

மேற்கையும் கீழ்க்கையும்

திறமையைச் சொல்லும் வேறு சில சொற்களும் உண்டு. அவை எல்லாம் கையைச் சுற்றியே வருகின்றன. ‘ஜோஸு’ என்றால் திறமை மிக்கவர். அதை எழுதும்போது ‘மேல்’, ‘கை’ என்ற இரண்டு எழுத்துகளை எழுதுவார்கள். திறமை குறைந்தவரைச் சொல்லும் ‘ஹெத்தா’ என்ற சொல்லை எழுதுவது ‘கீழ்’, ‘கை’ என்ற எழுத்துகளால். தமக்குச் சரிவராத வேலையை ‘நிகத்தே’ என்பார்கள். அதன் எழுத்துகள் ‘கசப்பு’, ‘கை’. ‘உதே’ என்றால் முன்கை. அதற்கே திறமை என்ற பொருளும் உண்டு. திறமையை வளர்த்துக் கொள்வதை ‘முன்கையைத் தீட்டுதல்’ என்ற பொருளில் சொல்வார்கள்.

நாமும் ‘கைதேர்ந்தவர்’ என்கிறோம். ‘கைவந்த கலை’ என்கிறோம். இந்த இரண்டாவது தொடரில் கையும் இருக்கிறது, வருதலும் இருக்கிறது!

இந்தச் சொற்களை ஆள்வதில் ஒரு முறை உண்டு. ‘ஜோஸு’ என்பதைப் பிறரைப் பாராட்டத்தான் சொல்வார்கள். தன்னைப் பற்றி ஒருவர் ‘நான் ஜோஸு’ என்று சொன்னால், அது தற்பெருமையாகத் தொனிக்கும். தமக்கு நன்றாகக் கைவந்ததைச் சொல்ல ‘தொக்குய்’ என்று வேறு ஒரு சொல் உண்டு. பிறர் நம்மைப் பாராட்டினால் ‘மதா மதா’ என்று பதில் சொல்வது வழக்கம். ‘இன்னும் இல்லை, இன்னும் இல்லை’ என்று பொருள். நாம் ‘ஏதோ கொஞ்சம் வரும்’ என்று சொல்வதில்லையா, அதுபோலத்தான்.

ஆனால் ‘தெக்கிமஸ்’ என்று சொல்வதில் அடக்கக் குறைவு ஏதுமில்லை. இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ‘இந்த இயந்திரத்தை ஓட்ட வருமா?’ என்று கேட்கும்போது ‘தெக்கிமஸ்’ என்றால், அது பெருமை பேசுவது ஆகாது. உண்மையைச் சொல்வது ஆகும். பாராட்டு வரும்போது அடங்கி நிற்பது ஒன்று. கேள்வி வரும்போது உள்ளதை உள்ளபடி சொல்வது வேறொன்று. ஜப்பானியர் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்.

நாம் கொள்ள வேண்டியது

தோட்ட மக்களாகிய நம்மிடையே இந்த இரண்டும் கலந்துபோய்விட்டன. முப்பது ஆண்டு பால் மரம் வெட்டிய அம்மாவை ‘உங்களுக்கு என்ன வேலை தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, தோட்டக்காட்டு வேலைதான்’ என்பார். ஒன்றும் தெரியாதா? விடியுமுன் எழுந்து, பனி ஈரம் காயுமுன் நிரையில் நின்று, ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவுகிறார். சற்று ஆழம் குறைந்தால் போதிய பால் வராது. சற்று ஆழம் கூடினால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். பிறகு அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளர்ந்து, மறுபடி வெட்ட உதவாது. அந்த இடைவெளியை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் பிசகாமல் கண்டுபிடிப்பது கைதான். ‘மேற்கை’ என்று ஜப்பானியர் எழுதும் எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான கை எது?

‘ஒன்றும் தெரியாது’ என்று தாய் சொல்வதைப் பிள்ளை கேட்கிறது. தனக்கும் ஒன்றும் வராது என்று அது எண்ணத் தொடங்குகிறது. தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் அன்றாடம் காண்பது இதைத்தான். கணக்குத் தெரிந்த பிள்ளை கையைத் தூக்காது. கேட்டால் தலையைக் குனியும். பிறகு வேலை கேட்டுப் போகும் இடத்திலும் அதே குனிவு. அந்தக் குனிவுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. கங்காணி முன், துரை முன், ஜப்பானியச் சிப்பாய் முன் நம் முன்னோர் குனிந்து நிற்க வைக்கப்பட்டார்கள். அவர்களைப் பார்த்து ‘எண்ணு’ என்றார்கள், ‘வெட்டு’ என்றார்கள். ‘உனக்கு என்ன வரும்?’ என்று கேட்பாரில்லை.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். விடை சொல்ல நம் பிள்ளைகளைப் பழக்க வேண்டாமா?

பெற்றோர்களே! பிள்ளை ஒன்றைச் செய்யத் தடுமாறும்போது ‘உனக்கு இது வராது’ என்று முடித்துவிடாதீர்கள். ‘இன்னும் வரவில்லை’ என்று சொல்லுங்கள். ‘வராது’ என்பது கதவைச் சாத்துவது. ‘இன்னும் வரவில்லை’ என்பது கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பது. ஜப்பானியர் சொல்லும் ‘மதா மதா’வுக்குள் இருப்பதும் இந்த ‘இன்னும்’ தான். அதோடு உங்கள் வேலையைப் பற்றி ‘ஒன்றுமில்லை’ என்று பிள்ளைகள் காதுபடச் சொல்லாதீர்கள். உங்கள் கைக்கு என்ன வரும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மாணவர்களே! ஜப்பான் மொழி கற்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வாய்ப்பு இல்லாவிட்டாலும், தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் உங்களுக்கு வருவதைத் தலை நிமிர்ந்து சொல்லப் பழகுங்கள். வராததை வரும் என்று சொல்ல வேண்டாம். வருவதை வராது என்றும் சொல்ல வேண்டாம். கியோத்தோவில் துயிலும் ஜொகூர் இளைஞர் சையத் ஓமாருக்குக் கற்றதைச் சொல்லக் காலம் இடம் கொடுக்கவில்லை. சயாமுக்குப் போன நம் முன்னோருக்கு அந்தக் கேள்வியே கிடைக்கவில்லை. நமக்குக் காலமும் இருக்கிறது, கேள்வியும் வந்திருக்கிறது. விடையை நாமே நம் வாயால் சொல்வோம்: ‘எனக்கு வரும்.’